பூட்டிய வீட்டில் ஓர் இத்தா

ரோலா, ஷார்ஜா
12 மே 1996

அன்புள்ள லாத்தாவுக்குத் தம்பி சாதிக் பாட்ஷாவின் சலாம். அல்லாஹ் உதவியால் நானும் இஃப்பத்தும் ஆலியாவும் சுகம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? மதுரைக்குப் போய்க் காட்டச் சொல்லி மூன்று கடிதமாக எழுதுகிறேன். நீங்கள் வாசிக்காத மாதிரியே பதில் போடுகிறீர்கள். கண் அவ்வளவு மோசமா?

நீங்கள் எழுதிய செய்தியை இரண்டு முறை படித்தேன். ஆறு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கெல்லாம் நம்மூர்ப் பேரூராட்சியில் கூடுதல் வரியாம். மூன்று வருஷம் பூட்டியே இருந்தால் குழாய்த் தண்ணீரையும் வெட்டுவார்களாம். தண்ணீர் வராத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருவான், சொல்லுங்கள். நம்மூரில் வாப்பாமார் வீடு கட்டுவது மகளுக்கு. அதில் வந்து குடியேறுவது மருமகன். கட்டினவன் கடைசிவரைக்கும் தன் மாமனார் வீட்டு விருந்தாளி. நானும் அப்படித்தானே இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். ஆலியாவுக்கென்று கட்டிய வீட்டில் பதினோரு ஜன்னல். அதில் பல்லி குடியிருக்கிறது. ஜன்னலே இல்லாத இந்த ரோலா பிளாட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். இருந்த ஒன்றையும் ஏசி அடைத்துவிட்டது.

வாடகைக்கு விடலாமே என்பீர்கள். குடி வந்தவன் நிக்காஹ் அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாடியில் போய்த் தூங்குவான். அதனால் சூட்கேஸ் விற்கிற மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் ஒரு பெண் இத்தா இருப்பதாகச் சொல்லிவிடுங்கள். புருஷன் மவுத்தான துக்கத்தில் நாலு மாதம் பத்து நாள் திரைக்குள் இருக்கிறவளை அந்நிய ஆண் பார்க்கலாமா? எந்த பில் கலெக்டர் உள்ளே எட்டிப் பார்ப்பான்? கணக்கெடுப்பு முடிகிறவரைக்கும் ஒரு திரையும் ஒரு விளக்கும் போதும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பூத்தில் நின்று நீங்கள் 'ம்' என்றால்கூடத் தெருவே அதற்கு அர்த்தம் சொல்லும்.

மகளுக்கும் மருமகன் மீராசாவுக்கும் எங்கள் சலாம்.

தம்பி
சாதிக் பாட்ஷா

*

9 ஜூன் 1996

தம்பி சாதிக்குக்கு லாத்தா உம்மு சல்மா துஆவுடன் எழுதுவது. இங்கு சுகம். அங்கு அனைவர் சுகத்துக்கும் கேட்கிறேன். கண் அப்படியே இருக்கிறது.

நீ சொன்னது பாவமான காரியம். செய்துவிட்டேன்.

பில் கலெக்டர் பன்னீர்செல்வம் திங்கட்கிழமை வந்தான். முன்கட்டில் பச்சைத் திரை கட்டி, உள்ளே ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னதும், "மன்னிச்சுக்கங்கம்மா, தெரியாம வாசப்படி ஏறிட்டேன்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். தெருவில் போய்த்தான் காலில் போட்டான். பேர் மட்டும் கேட்டான். நீ பேர் எழுதி அனுப்பவில்லை. ஷம்சியா என்று வாயில் வந்தது.

இப்போது தெருப் பெண்கள் கேட்கிறார்கள். நமக்கு என்ன உறவு, மாப்பிள்ளை எங்கே இருந்தார், எப்படி மவுத். எனக்குப் பொய் நீளமாக வராது. நீயே யோசித்து எழுது.

அந்திக்குப் போய் விளக்குப் போடுகிறேன்.

இஃப்பத்துக்கும் ஆலியாவுக்கும் துஆ.

லாத்தா

*

ரோலா, ஷார்ஜா
1 ஜூலை 1996

கண்ணியமுள்ள லாத்தாவுக்கு சலாம். உங்கள் கண்ணுக்கும் மூட்டுக்கும் ஆறு வேளைத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். ஆறாவது எது என்று கேட்காதீர்கள். கடையில் வியாபாரம் இல்லாத நேரம்.

பன்னீர்செல்வத்தின் செருப்பைப் படித்து இஃப்பத் சிரித்த சிரிப்பில் பக்கத்து பிளாட் மலையாளி கதவைத் தட்டினார்.

இதோ உங்கள் ஷம்சியா. வாப்பாவுடைய கொழும்புச் சாச்சா மகளின் மகள். வயது முப்பத்திநாலு. பிள்ளை இல்லை. மாப்பிள்ளை பெயர் முகம்மது ரிபாய். பஹ்ரைனில் ஈசா டவுனில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். ஒரு நாள் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டபிறகுதான் மவுத்தானார். நான் உண்டாக்குகிற ஆட்கள் பொறுப்பானவர்கள். அங்கேயே அடக்கம். ஷம்சியா இடது கைக்காரி. துணி வெட்டுவதும் தைப்பதும் இடது கையால்தான், ஆனால் நூல் பிடித்த மாதிரி அளவு. சுறா மீன் ஆகாது. கொஞ்சம் இருமல் உண்டு. இது இஃப்பத் சேர்த்தது. "வெறும் திரை எப்படிங்க ஒரு பொம்பளையாகும், இருமினாத்தான் நம்புவாங்க" என்றாள். ஆகவே நீங்கள் விளக்குப் போடுகிறபோது திரைக்குப் பின்னால் இரண்டு முறை இருமிவிட்டு வாருங்கள்.

கதையை ஒத்திகை பார்க்க வேண்டாமா? நேற்று பெட்டி வாங்க வந்த பஹ்ரைன்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "நம்ம ரிபாய் பாயையா சொல்றீங்க" என்று கண்ணைத் துடைத்தார். "என் புள்ளைங்களை அவர்தான் கொண்டு விடுவார். சாவி பையிலதான் இருந்துச்சுன்னு சொன்னாங்க." சாவியை நான் அவரிடம் சொல்லவே இல்லை, லாத்தா. யாரோ வேறு டிரைவராக இருக்கும். பஹ்ரைனில் பஸ்ஸுக்குப் பஸ் ஒரு ரிபாய் இருப்பார்.

தம்பி
சாதிக் பாட்ஷா

*

4 ஆகஸ்ட் 1996

தம்பி சாதிக்குக்கு துஆ. எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே மழை இல்லை.

இத்தா இருக்கிறவளுக்குத் தெருவில் சோறு அனுப்புவது வழக்கம் என்பதை நீ மறந்துவிட்டாய். ஒரு நாள் ஒரு வீடு என்று முறை வைத்து அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கிண்ணங்கள் கழுவித் திரும்பிப் போய்விடுகின்றன.

மீன்கார ராக்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அந்தத் தங்கச்சிக்குச் சுறா ஆகாதாமே, வேற தரட்டுமா" என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். "அதுதான் சொல்லுச்சு. நேத்து மத்தியானம் திரைக்கு உள்ள இருந்து. பாவம், பேச முடியாம இருமுது. கசாயம் வச்சுக் குடுங்கம்மா."

மத்தியானத்தில் நான் அங்கே இருப்பதில்லை. உன் கடிதம் கிடைத்தது இதற்கு மறுநாள்.

பன்னீர்செல்வம் கணக்கில் குடியிருக்கும் வீடு என்று எழுதிவிட்டான். கூடுதல் வரி கிடையாது.

லாத்தா

*

ரோலா, ஷார்ஜா
6 செப்டம்பர் 1996

அன்பு லாத்தாவுக்கு சலாம், சுகம் கேட்டு எழுதுகிறேன். பொதுமன்னிப்பு கொடுத்ததிலிருந்து விசா இல்லாதவர்கள் எல்லாரும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். என் கடையில் பெட்டி நிற்பதில்லை. அடுத்தவன் ஊர் போனால் நான் வாழ்கிறேன், நல்ல பிழைப்பு.

ராக்கம்மா விஷயத்தைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். மீன் விற்கிறவர்களுக்கு யாருக்கு எது ஆகாது என்று மூக்கிலேயே தெரியும். நான் அப்படித்தான் இஃப்பத்திடம் சொன்னேன். அவள் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

பெரிய செய்தி இதுதான். ஆலியாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டார். செய்கு முகம்மது. கராமாவில் ஒரு டிராவல்ஸில் வேலை. நம் தெற்குத் தெருக் குடும்பம். பெருநாள் கழித்து, பிப்ரவரியில் நிக்காஹ். வீட்டைத்தான் முதலில் கேட்டார்கள். பதினோரு ஜன்னலையும் எண்ணிச் சொன்னேன். "வீடு காலியாக் கிடந்தாப் போதும், சீர் ஒண்ணும் வேணாம்" என்றார் மாப்பிள்ளையின் வாப்பா. அந்த ஒன்றுதான் நிபந்தனை. எனவே இத்தா முடிந்ததும் ஷம்சியாவை மரியாதையாக அனுப்பிவிடுங்கள். அக்டோபர் பாதிக்கு மேல் அவள் அங்கே வேண்டாம்.

நம் ஊர்ப்பக்கத்து வைரவன் லீவில் வருகிறான். சஜ்ஜா தொழிலாளர் கேம்பில் கொத்தனார். அவன் கையில் உங்களுக்குத் தைலமும் துணியும் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் மகள் வீட்டில் இல்லாவிட்டால் புது வீட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி
சாதிக் பாட்ஷா

*

ரோலா, ஷார்ஜா
18 அக்டோபர் 1996

அன்புள்ள லாத்தாவுக்கு சலாம். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

வைரவன் திரும்பி வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துக் கடைக்கு வந்தான். கையில் மஞ்சள் பையில் ஒரு பார்சல். உள்ளே துதல் அல்வா, ஒரு கிலோ இருக்கும். அதன் அடியில் ரோஸ் கலரில் ஒரு ரவிக்கை.

"லாத்தா எப்படி இருக்காங்க" என்றேன்.

"உங்க லாத்தாவப் பாக்கலண்ணே. அவங்க கண் ஆப்பரேஷனுக்கு மதுரைக்குப் போயிருக்காங்கன்னு மக வீட்டுல சொன்னாங்க. புது வீட்டுல அந்தம்மாதான் இருந்தாங்க."

"எந்தம்மா?"

"என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குறீங்க. திரைக்கு அந்தாண்ட இருந்தாங்க. நான் மூஞ்சியப் பாக்கல, சாமி சத்தியமா. கை மட்டும் வந்துச்சு. வளையல் இல்லாத கை. நீங்க குடுத்ததை வாங்கிக்கிட்டு, 'கொஞ்சம் இரு தம்பி'ன்னு இந்தப் பையக் குடுத்தாங்க. ஆலியாவுக்குன்னாங்க. மோர் குடுத்தாங்க. நல்லாப் பேசுனாங்கண்ணே, நடுவுல நடுவுல இருமல்தான்."

"எந்தக் கை?"

அவன் யோசித்து, தன் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்து, இடது கையைத் தூக்கினான். பிறகு, "இடது கையால குடுத்தாங்கன்னு தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, பாசமாத்தான் குடுத்தாங்க" என்றான்.

ரவிக்கையை ஆலியா போட்டுப் பார்த்தாள், அளவு கச்சிதம். நாலு மாதத்தில் பிள்ளை கொஞ்சம் மெலிந்திருக்கிறாள். நாங்களே கவனிக்கவில்லை. ரவிக்கை கவனித்திருக்கிறது. துதலை இஃப்பத் தொடவில்லை. நான் தின்றேன். ருசி நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சங்கடமாக இருக்கிறது.

யாரை அங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறீர்கள் லாத்தா? உடனே எழுதுங்கள்.

தம்பி
சாதிக் பாட்ஷா

*

10 நவம்பர் 1996

தம்பி சாதிக்குக்கு துஆ. கண் ஆப்பரேஷன் முடிந்தது. இடது கண் தெரிகிறது. பார்க்கிற அளவுக்குத் தெரிகிறது. இந்தக் கடிதத்தை மெதுவாக எழுதுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்லவில்லை. ஜூன் மாதத்திலிருந்து நான்தான் அந்த வீட்டில் இருக்கிறேன். என் வீட்டை மகளுக்குக் கொடுத்தேன். மருமகன் வந்தார். போன வருஷம் அவர் உம்மாவும் தங்கையும் வந்தார்கள். எனக்குச் சமையல்கட்டுக்கும் கொல்லைக்கும் நடுவே பாய் விரிக்கிற இடம் மிஞ்சியது. யாரும் போ என்று சொல்லவில்லை. அவரவர் நடக்கும்போது காலை மடக்கிக்கொள்வேன்.

நீ ஷம்சியாவை உண்டாக்கினாய். அவளுக்குத் திரை இருந்தது, சோறு வந்தது. நான் அந்தத் திரைக்குள் படுத்தேன், அந்தச் சோற்றைத் தின்றேன். மத்தியானம் மட்டும் மகள் வீட்டுச் சமையலுக்குப் போவேன். உன் மச்சான் மவுத்தானபோது இருந்த இத்தாவில்கூட நான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கவில்லை.

வைரவன் வந்தபோது நான் மதுரையில் இருந்தேன். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தேன்.

லாத்தா

*

ரோலா, ஷார்ஜா
24 நவம்பர் 1996

என் லாத்தாவுக்கு சலாம். முதல் பாதியைப் படித்துவிட்டுக் கடையில் ஒரு பெரிய பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பினேன். காலை மடக்கிக்கொண்டேன் என்பதை என்னிடம் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. சிரிக்க வைக்கிறவனிடம் யாரும் எதையும் சொல்வதில்லை போலிருக்கிறது.

மாடி அறை இனிமேல் உங்களுடையது. ஆலியாவிடம் சொல்லிவிட்டேன். "மாமி இருந்தாத்தான் நான் அந்த வீட்டுக்கே போவேன்" என்கிறாள். மாப்பிள்ளை வீட்டிலும் பேசிவிட்டேன், அவர்களுக்குச் சம்மதம். அதில் மாற்றம் இல்லை.

இரண்டாம் பாதியை இஃப்பத்திடம் காட்டவில்லை. சாவி உங்கள் இடுப்பில் இருந்தால் மோர் கொடுத்தது யார்?

விளையாட்டை இத்தோடு நிறுத்துகிறேன். வீடு காலியாகத்தான் இருந்தது, இதுவரை சொன்னது தவறு, கூடுதல் வரியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேரூராட்சிக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். வரி போடுங்கள் என்று கெஞ்சி எழுதின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வெள்ளையடிக்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறேன். திரையை அவிழ்த்துவிடுங்கள். பதினோரு ஜன்னலையும் திறந்து போடுங்கள்.

தம்பி
சாதிக் பாட்ஷா

*

20 டிசம்பர் 1996

தம்பி சாதிக்குக்கும் இஃப்பத்துக்கும் ஆலியாவுக்கும் துஆ. மாடி அறைக்கு அல்லாஹ் உனக்குக் கூலி தருவான்.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். மதுரையிலிருந்து வந்து பூட்டைத் திறந்தேன். அடுப்பு சூடாக இருந்தது. பாயில் பாதி எனக்கு விட்டிருந்தது. கட்டுப் போட்ட கண்ணோடு வேறெங்கே போவது? படுத்துக்கொண்டேன். நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து அவள்தான் விடுகிறாள். மகள் வீட்டில் யாருக்கும் நேரம் இல்லை. நாங்கள் இப்போது இரண்டு பேர்.

பன்னீர்செல்வம் உன் தபாலோடு வந்தான். "காலி வீட்டுக்குத்தாம்மா இந்த வரி. ஆள் இருக்குற வீட்டுக்குப் போட்டா என் வேலை போயிரும்" என்றான். அந்தப் பெண் போய்விட்டாள் என்றேன். அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் பேசுங்கம்மா, அவங்க காதுல விழப்போகுது" என்றான். நான் திரும்பவில்லை.

வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியோடு வந்து, உள்ளே ஒரு அம்மா தொழுகிறார்கள் என்று திரும்பிப் போய்விட்டார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா வியாழக்கிழமை வீடு பார்க்க வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் போய் அரை நாள் இருந்தார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. "புருஷனையும் பறி குடுத்து, போக்கிடமும் இல்லாத ஒருத்திய வெளிய தள்ளிட்டு அந்த வீட்டுல என் மகனைக் குடி வைக்க மாட்டேன். அவளுக்கு ஒரு வழி சொல்லச் சொல்லுங்க உங்க தம்பிய. அப்புறம் நிக்காஹ் பேசலாம்" என்றார்.

இத்தா முடிந்த அன்று அவள் குளித்துவிட்டு வாசல் வரைக்கும் வந்தாள். தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் குற்றம் இல்லை தம்பி. நீ அவளுக்குக் கொழும்புச் சொந்தம் கொடுத்தாய். மாப்பிள்ளையைக் கொடுத்து, அவரை மவுத்தாக்கினாய். இருமல் கொடுத்தாய். இதற்கு மேல் எங்கே போகவேண்டும் என்று மட்டும் நீ எழுதவில்லை.

எழுது.

லாத்தா

*

ரோலா, ஷார்ஜா
5 ஜனவரி 1997

அன்புள்ள லாத்தாவுக்கு சலாம். நோன்பு நெருங்கிவிட்டது. உங்கள் கண்ணை நினைத்து முதல் நோன்பைக் கவனமாக வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகக் கடையில் உட்கார்ந்து எழுதி எழுதிக் கிழிக்கிறேன். முதலில் ஷம்சியாவுக்குக் கொழும்பில் கூடப் பிறந்த ஒரு காக்காவை உண்டாக்கினேன். நல்ல மனிதர், தேங்காய் எண்ணெய் வியாபாரம், தங்கையை அழைத்துப்போக வருகிறார். இஃப்பத் வாங்கிப் படித்துவிட்டு, "அவரு எங்க தங்குவாரு? நம்ம வீட்டுலயா?" என்றாள். கிழித்தேன். அடுத்து ஒரு இரண்டாம் மாப்பிள்ளை. "இவரையும் பொறுப்பாவே உண்டாக்குங்க. பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறவரைக்கும் நம்ம மாடியில இருப்பாரு." அதையும் கிழித்தேன். நான் யாரை எழுதினாலும் அவருக்கும் ஒரு வீடு வேண்டும். எனக்கு இருப்பது ஒன்றுதான், அது ஆலியாவுடையது.

ஆகவே இருக்கிற இடத்தையே கொடுத்துவிடுகிறேன். எங்கள் பிளாட்டில் ஆலியா படிக்கிற சின்ன அறை, அவள் நிக்காஹுக்குப் பிறகு காலிதான். ஜன்னல் கிடையாது, ஒருவருக்குத் தாராளம். ஷம்சியாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: "உன் மாமா சாதிக் பாட்ஷா வீடு ஷார்ஜாவில் ரோலாவில் இருக்கிறது. அங்கே போ. அது உன் இடம்." மாப்பிள்ளையின் உம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் ஒரு நியாயம் யாரும் கேட்க முடியாது. விசா, டிக்கெட், பாஸ்போர்ட் பற்றி அவள் கேட்டால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கேட்கமாட்டாள் என்றே நினைக்கிறேன்.

இந்த இடம்வரைக்கும் எழுதி, கவரில் போட்டு, ஒட்டுவதற்குள் இஃப்பத் போன் செய்தாள்.

"என்னங்க, ஆள அனுப்புறவரு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஆலியாதான் கதவைத் தொறந்தா. பாவம், கையில ஒரு பெட்டிகூட இல்லாம வந்து நிக்குது. பெட்டி விக்கிறவரு வீட்டுக்கு."

யார் என்று நான் கேட்கவில்லை.

"சின்ன ரூம்ல உக்காத்தி வச்சிருக்கேன். ஆலியா பழைய பெட்ஷீட்டைத் திரையாக் கட்டிக் குடுத்திட்டா. ரெண்டு பேரும் உள்ள பேசிக்கிட்டு இருக்காங்க. நீங்க எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேக்கச் சொல்லுச்சு."

கிராக்கி வந்துவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்தேன். கிராக்கி யாரும் இல்லை.

கவரைப் பிரித்து இதையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். லாத்தா, நீங்கள் இனிப் பயமில்லாமல் ஜன்னல்களைத் திறக்கலாம். வெள்ளையடிக்கிறவர்களை வரச் சொல்லுங்கள். பன்னீர்செல்வம் கேட்டால் வீட்டில் நீங்கள் ஒருவர் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அது உண்மை. பிப்ரவரியில் ஆலியாவை அழைத்துக்கொண்டு வருகிறோம்.

பக்கத்துக் கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். தெருவிலும் ஆள் குறைந்துவிட்டது. எத்தனை மணிக்கு வருவேன் என்று இஃப்பத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

தம்பி
சாதிக் பாட்ஷா
கடையிலிருந்து